மருந்தடிக்கிறவருக்கு நெல்லியும் கடுக்காயும்: எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கம் குறுவை, சம்பா இரண்டு பட்டத்திலும் கூலிக்கு மருந்தடிக்கும் அண்ணனுக்கு ஒரு மூலிகைப் பழச்சாறு பாட்டில் வாங்கித் தரலாமா? நெல்லி, கடுக்காய், நோனி எல்லாம் கலந்தது. ‘ரத்தத்தில் கலந்த நஞ்சை முறித்து எதிர்ப்புசக்தியைக் காக்கும்’ என்று ஒட்டியிருக்கிறது. விலை ஆயிரத்தைத் தொடுகிறது. வாங்கலாமா, இல்லை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

அந்தப் பாட்டில் வேண்டாம். நெல்லிக்காய் தினமும் சாப்பிடட்டும். திரிபலா (நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் மூன்றும் கலந்த பொடி) விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயில் முதலில் வாங்க வேண்டியது நல்ல கையுறை, கெட்டித் துணியில் ஒரு முழுக்கால் சட்டை, நாலு சோப்பு. பழங்கள் வீண் என்பதற்காக இந்த வரிசையைச் சொல்லவில்லை. அவை வேலை செய்கிற இடம் வேறு, நஞ்சு ஆளைத் தாக்குகிற இடம் வேறு.

பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் இரண்டு விதமாகக் கெடுக்கும். முதலாவது அந்தந்த மருந்தின் சொந்த வேலை. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை முடித்துவைக்கிற கோலினெஸ்டரேஸ் நொதியைப் பூட்டிவிடும். கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், வியர்வை, வாந்தி, தசைத்துடிப்பு, கடைசியில் மூச்சு நிற்பது எல்லாம் அதனால் வருவது. இரண்டாவது, ஏறக்குறைய எல்லா நஞ்சும் பொதுவாகச் செய்வது. செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சிதைவைக் கிளப்பி, அதைத் தடுக்க உடம்பு வைத்திருக்கும் குளுட்டாதையோன் கையிருப்பைக் கரைத்துவிடும். வேகமாகப் பெருக வேண்டிய வெள்ளையணுக்கள் இதில் சீக்கிரம் அடிபடும். எதிர்ப்புசக்தி குறைகிறது என்று சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் மூன்றும் கைவைப்பது இந்த இரண்டாவது வேலையில் மட்டும். வைட்டமின் சி ஒரு பக்கம். காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், கடுக்காயில் உள்ள செபுலாஜிக் அமிலம் போன்ற துவர்ப்புச் சரக்குகள் இன்னொரு பக்கம். ஆய்வகத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. பாதுகாப்புத் துறையின் டெல்லி ஆய்வு நிலையத்திலிருந்து 2002-ல் வந்த ஆய்வில், எலியின் வெள்ளையணுக்களில் குரோமியத்தோடு நெல்லிச்சத்தையும் சேர்த்தபோது செல் சாவு குறைந்தது, அணுக்கள் மறுபடி பெருகின, எதிர்ப்புக்கான சமிக்ஞைப் புரதங்கள் பெருமளவு மீண்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எலிகளுக்கு 48 நாள் திரிபலா கொடுத்துப் பார்த்தார்கள். கணக்காக ஒரு மண்டலம். அதன்பின் பெரும் இரைச்சலில் வைத்தபோது, மற்ற எலிகளுக்குச் சரிந்த எதிர்ப்பு அளவுகள் இவற்றுக்குச் சரியவில்லை.

இந்த மாதிரி ஆய்வைத்தான் பாட்டில்காரர்கள் அட்டையில் ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சடிக்கிறார்கள். அங்கேதான் மூன்று விஷயம் நழுவுகிறது.

ஒன்று அளவு. தரமணி எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடை கிலோவுக்கு 1 கிராம் திரிபலா. எலியின் அளவை ஆளுக்கு மாற்ற ஏறத்தாழ 6-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு அது தினம் 10 கிராம் சூரணம் ஆகிறது, குவித்து எடுத்த இரண்டு மூன்று டீஸ்பூன். பாட்டில் சாற்றில் ஒரு மூடியில் இருப்பது இதில் எத்தனையில் ஒரு பங்கு என்று அட்டையில் போட்டிருக்காது. காப்ஸ்யூல் என்றால் ‘எக்ஸ்ட்ராக்ட் 4:1, 500 மில்லிகிராம்’ என்று இருக்கும். 2 கிராம் காய்ப்பொடியிலிருந்து இறக்கிய சத்து என்று அதற்குப் பொருள். விகிதமே போடாமல் வெறும் ‘சத்து’ என்றிருந்தால் கணக்குப் போட வழியில்லை, விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஆய்வகத்தில் பல நேரம் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக் கஷாயத்தில் தண்ணீரில் கரைவது மட்டுமே வரும். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது நேரம். இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் பழச்சத்து நஞ்சுக்கு முன்பாகவோ கூடவேயோ போகிறது. நஞ்சு ஏறிய பிறகு ஊற்றிக் காப்பாற்றியதாக அவை சொல்லவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பூட்டப்பட்ட கோலினெஸ்டரேஸை நெல்லி திறக்காது. அதைத் திறக்கிற பிராலிடாக்சைம் என்ற மருந்துக்கே கெடு உண்டு. மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்றவற்றில் சில மணி நேரத்திலேயே பூட்டு இறுகிவிடும். குளோர்பைரிபாஸ் வகையில் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கிடைக்கும். இறுகிய பிறகு உடம்பு புது நொதியைச் செய்துகொள்ள வேண்டியதுதான். சிவப்பணுக்களில் அது நாளொன்றுக்கு 100-ல் 1 பங்கு அளவில்தான் மீளும்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தாலே போதும் என்று நினைப்பவர்கள் பாராகுவாட்டைப் பார்க்க வேண்டும். வரப்புப் புல்லை எரிக்க அடிக்கிறார்களே, அதுதான். அந்தக் களைக்கொல்லி ஆளைக் கொல்வதே முழுக்க ஆக்சிஜனேற்றச் சிதைவால், நுரையீரலைத் தின்று. அதற்கு வைட்டமின் சி உட்பட எத்தனையோ தடுப்பான்களை மருத்துவமனைகளில் ஊசியாகவே ஏற்றிப் பார்த்தும் உயிர் காப்பதாக உறுதியாகவில்லை. வாய்வழியாகக் குடிக்கும் சாறு அதைச் செய்யும் என்று எப்படி நம்புவது?

இனி நஞ்சு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்போம். மருந்தடிக்கிறவருக்கு மூக்கைவிடத் தோல்தான் பெரிய வாசல். பாரத்தியான் என்ற மருந்தை ஆட்களின் தோலில் தடவி அளந்த ஆய்வு 1971-ல் வெளிவந்தது. முன்கையில் தடவியதில் 100-க்கு 9 பங்குதான் உள்ளே போனது. உள்ளங்கையில் 12, நெற்றியில் 36, அக்குளில் 64. விதைப்பையில் தடவியது மொத்தமும் போய்விட்டது. இதை நம் வயல் வேலையோடு வைத்துப் பாருங்கள். முதுகில் தெளிப்பான், மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து ஒழுகல், ஒழுகியது இடுப்பு வழியாக இறங்கிக் கைலிக்குள். முன்னால் அடித்துக்கொண்டே அடித்த பயிருக்குள் நடப்பதால் தொடைவரை நனைகிறது. வியர்வையில் தோல் ஊறியிருப்பதால் உறிஞ்சுவது இன்னும் கூடும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் நனைந்த கைலியோடு நிற்பதுதான் டெல்டா முழுக்கப் பார்க்கிற காட்சி. வாசலைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிற கதை.

ஆகவே செய்ய வேண்டியது: தெளிப்பானின் மூடி வளையம், பட்டை, குழாய் இணைப்பு எல்லாவற்றையும் முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஐந்து நிமிடம் அடித்துப் பார்த்து ஒழுகல் நிறுத்த வேண்டும். வளையம் பத்து, இருபது ரூபாய்ச் சமாச்சாரம். தெளிப்பானுக்கும் முதுகுக்கும் நடுவில் உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் கட்டிக்கொள்ளலாம். அதே உறையை வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றிக்கொண்டால் தொடை நனையாது. காற்று எதிர்முகமாக வரக் கூடாது. அடித்த பகுதி பின்னாலோ பக்கத்திலோ விழும்படி, காற்றுக்குக் குறுக்காகப் போய்த் திரும்ப வேண்டும். தெளிப்பானின் முனை அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, ஒரு ஈர்க்குச்சி போதும்.

இதைவிட ஆபத்தான நேரம் கலக்கும் நேரம். 50 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், கலவையில் மில்லிக்கு 1 மில்லிகிராம் நஞ்சு. பாட்டிலில் உள்ளதிலோ மில்லிக்கு 500 மில்லிகிராம். கையில் சிந்துகிற ஒரே ஒரு மில்லி, அரை லிட்டர் கலவையைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். நாள் முழுக்க அடித்துப் படுவதை மூடி திறக்கிற அரை நிமிடத்தில் பட்டுவிடலாம். கையுறை கட்டாயம் தேவைப்படுவது இந்த நிமிடத்துக்குத்தான். நைட்ரைல் கையுறை வாங்குங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும், அதற்கு வெறுங்கையே மேல். கலக்கக் குச்சி, அளக்க மூடி, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் சோப்பும். வாய்க்கால் தண்ணீரை நம்பினால் முறை வைக்கிற நாளில் அது வறண்டு கிடக்கும்.

மருந்தின் கடுமை பாட்டிலிலேயே இருக்கிறது. சிவப்பு முக்கோணம் மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் நீல, பச்சை முக்கோண மருந்துகள் இருக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியலோ, 100-க்கு 10 நடுக்குருத்து காய்ந்ததோ தெரிந்தால்தான் குருத்துப்பூச்சிக்கு மருந்து என்று நிலத்துக்காரர் பொறுத்திருந்தால் ஒரு தெளிப்பு தானாகக் குறையும். அண்ணன் கூலிக்குப் போகிறவர் என்பதால் அந்த முடிவு அவர் கையில் இல்லை. கையுறையும் சோப்பும் அவர் கையில் இருக்கிறது.

இப்போது பழத்துக்கு வருவோம், தினசரி உணவாக.

பெருநெல்லிதான் வேண்டும். வீட்டுக் கொல்லையில் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் அரைநெல்லி வேறு மரம், ஊறுகாய்க்கு நல்லது, சத்துக் கணக்கு இதனோடு சேராது. பெருநெல்லியில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 250 முதல் 600 மில்லிகிராம் வரை பதிவாகியிருக்கிறது. வகை, முதிர்ச்சி, அளந்த முறை பொறுத்து மாறும். நடுத்தரக் காய் இரண்டில் கொட்டை போக 60 கிராம் சதை தேறும். குறைந்த கணக்கில் பார்த்தாலும் 150 மில்லிகிராம். ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 80. ஆக இரண்டு காய் தாராளம். ஐந்தாறு காயை அரைத்துக் குடித்தால் வயிறுதான் எரியும்.

சாறாக்க வேண்டுமானால்: இரண்டு காயைத் துருவி அல்லது நறுக்கி, 150 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, இஞ்சி ஒரு சுண்டுவிரல் நுனி அளவு சேர்த்து மிக்ஸியில் அரை நிமிடம். நிறைய நேரம் ஓட்டினால் காற்று கலந்து வைட்டமின் போகும். வடிகட்டி உடனே குடிக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும், செம்பு வைட்டமினைச் சீக்கிரம் சிதைக்கும். இரும்புக் கத்தி பட்டால் துவர்ப்பு கருத்துப்போகும், அதில் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். சர்க்கரை, வெல்லம் வேண்டாம். காலைப் பழையதோடு மென்று தின்றாலும் இதே பலன்தான். வெறும் வயிற்றில் குடிப்பதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, அல்சர் உள்ளவருக்குக் கெடுதல்.

காய் மலிவாகக் கிடைக்கும் கார்த்திகை முதல் மாசிக்குள் வற்றல் போட்டுவைக்கலாம். காயை மூன்று நான்கு நிமிடம் ஆவியில் காட்டினால் சுளையாகப் பிரியும். நிழலில், மேலே மெல்லிய துணி போட்டு உலர்த்துங்கள். ஒரு கிலோவுக்கு 150 முதல் 180 கிராம் வற்றல் வரும். ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. வைட்டமின் சி இதில் கணிசமாகக் குறையும், துவர்ப்புச் சரக்குகள் பெரும்பாலும் நிற்கும்.

திரிபலாவுக்கு இந்த வற்றல், கடுக்காய்த் தோல், தான்றிக்காய்த் தோல் சம எடை. கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று நம் ஆட்கள் சொல்வது கொட்டையைத்தான். உடைத்துக் கொட்டையை நீக்கிய தோலை மட்டும் எடுங்கள். கொட்டையோடு அரைத்த பொடி எடைக்கு லாபம், அதனாலேயே மலிவுப் பாக்கெட்டுகளில் அப்படி இருக்கும். நாக்கில் வைத்தால் மரத்தூள் மாதிரி நெருடும். தனித்தனியாக இடித்து, துணியில் சலித்து, பிறகு கலக்க வேண்டும். அளவு இரவு சாப்பாட்டுக்குப் பின் 3 கிராம், அதாவது குவிக்காத ஒரு டீஸ்பூன், வெந்நீரில். வயிறு இளகினால் பாதியாக்குங்கள். கஷாயமாக வேண்டுமானால் 5 கிராமை 200 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் பாதியாகச் சுண்டவைத்து வடிகட்டலாம்.

டெல்டாவில் இந்தச் சூரணத்தைக் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை ஈரம். அடைமழையில் டப்பாவைத் திறந்து திறந்து எடுத்தால் கட்டிதட்டும், பிறகு பூசணம். பூசணம் பிடித்த பொடியை வெயிலில் காயவைத்து மறுபடி உண்பது மகா தப்பு. சில பூசணங்கள் விடும் அஃப்ளாடாக்சின் ஈரலையும் எதிர்ப்புசக்தியையும் தாக்கும் நஞ்சு, வெயிலுக்கெல்லாம் போகாது. எதற்காகச் சாப்பிடுகிறோமோ அதையே கெடுத்துக்கொள்வதாகும். 100 கிராம் மட்டும் சலித்து, வாய் குறுகிய கண்ணாடிப் பாட்டிலில், உலர்ந்த ஸ்பூனோடு. மூன்று மாதம் தாண்டினால் புதிது.

கடைச் சாறு வேண்டாம் என்றதற்கு அளவு தெரியாதது ஒரு காரணம். சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தி இன்னொன்று. அது வைட்டமின் சி-யோடு சேர்ந்து, வெயிலும் சூடும் பட்டால் நுண்ணிய அளவில் பென்சீன் என்ற புற்றுநோய் நஞ்சு உண்டாகலாம். பேருந்து நிலையக் கடையில் வெயிலில் அடுக்கிவைத்த பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நோனியில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு நோனிச் சாற்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ‘பழம்தானே, என்ன செய்யும்’ என்பவர்களுக்குக் கேரளத்து இரும்பன்புளி ஒரு பாடம். கொழுப்புக் குறைய அதன் சாற்றைக் கெட்டியாகக் குடித்த சிலருக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் நின்றுபோனது 2013-ல் வெளிவந்தது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திரிபலா தொடங்க வேண்டாம். கர்ப்பிணிக்குக் கடுக்காய் ஆகாது. வீட்டில் யாராவது இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் திரிபலாவுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

நெல்லிச்சாற்றைப் பாட்டிலில் ஊற்றி வயலுக்குக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். மருந்துப் பையிலேயே அதுவும் கிடக்கும், மருந்துக் கையோடு மூடி திறப்பார். சாறோடு கொஞ்சம் மருந்தும் உள்ளே போகும். பீடி, வெற்றிலைக்கும் இதே பேச்சுதான். அடித்து முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகு சாப்பிடட்டும். அடித்த துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காமல் தனி வாளியில் அலசுங்கள்.

அவசரத்துக்கு ஒரு விஷயம். வெயில் மயக்கத்தில் பெரும்பாலும் வாய் காயும். ஆர்கனோபாஸ்பரஸ் ஏறினால் வாயில் நீர் ஊறிக் கொட்டும், கண்ணின் பாவை கடுகளவுக்குச் சுருங்கும், கண் மங்கும், தொடையிலும் இமையிலும் தசை தானாகத் துடிக்கும். முகத்தில் எரிச்சலும் ஊசி குத்துகிற மாதிரியும் இருந்தால் சைபர்மெத்ரின் வகையாக இருக்கலாம். எதுவானாலும் உடனே துணியைக் களைந்து, சோப்புப் போட்டுத் தலை முதல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். கழுவுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நெல்லிச்சாறு, புளிக்கரைசல், உப்புத்தண்ணீர், சாணித்தண்ணீர், பால் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நினைவு தடுமாறும் ஆளுக்கு அது நுரையீரலுக்குள் போகும். மருந்தோடு கலந்திருக்கும் எண்ணெய்க் கரைப்பானும் கூடவே போய் நுரையீரலைப் புண்ணாக்கும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருந்துப் பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள். முறிமருந்தான அட்ரோபின் எவ்வளவு, பிராலிடாக்சைம் வேண்டுமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அந்தப் பெயர் தேவை.

மெதுவாக ஏறுகிற நஞ்சைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கலாம். பெரிய ரத்தப் பரிசோதனை நிலையங்களில் எடுப்பார்கள். ஆளுக்கு ஆள் இயல்பு அளவு வேறு என்பதால், ஒருமுறை மட்டும் பார்த்தால் பெரிதாகப் பயனில்லை. உளுந்துக்கு அடித்த மருந்தெல்லாம் முடிந்து ஒரு மாதமாவது ஆன பிறகு, சித்திரைக் கடைசியில், குறுவை தொடங்குமுன் ஒரு அளவு எடுத்துவையுங்கள். அதுதான் அண்ணனுடைய அடிப்படை. பட்டம் நடக்கும்போது மறுபடி பாருங்கள். அந்த அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள், தெளிப்பானையும் உடுப்பையும் சோதியுங்கள். சிவப்பணுவில் அளந்த நொதி 70 சதவீதத்துக்கோ, சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) அளந்தது 60 சதவீதத்துக்கோ இறங்கினால் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, 80-க்கு மேல் ஏறும்வரை நாற்று, களை, அறுப்பு வேலைக்குப் போகட்டும். கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு இதுதான். இரண்டு முறையும் ஒரே நிலையத்தில் ஒரே வகைப் பரிசோதனையாக எடுங்கள். ஒரு இடத்துச் சீரம் கணக்கை இன்னொரு இடத்துச் சிவப்பணுக் கணக்கோடு ஒப்பிட முடியாது.